தண்ணி காணாத என்ஜின்

மாடிப்படியில் நின்றபடி, செல்போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பரந்தாமன் அங்கிள் என்னிடம் முதன்முதலாகத் தொழில் பேசியது ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமையில். அந்தப் பேச்சு எனக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

“நீ இங்கிலீசு நல்லா எழுதுவியாமே, உங்கப்பா சொன்னாரு,” என்றார்.

“சுமாரா எழுதுவேன் அங்கிள்.”

“சுமார் போதும். ரொம்ப நல்லா எழுதுனா சந்தேகம் வந்துடும். ஒரு வேன் என்ஜின் கீது. ஆன்லைன்ல ஏலத்துக்கு வுடணும். நாலு வரி எழுதிக் குடு.”

“எந்த மாதிரி என்ஜின்?”

“நல்ல என்ஜின்.”

நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். மேலே கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் ‘நல்ல என்ஜின்’ என்பதை வைத்துக்கொண்டு நாலு வரி எழுத முடியாது.

“புயல்ல தண்ணிக்குள்ள போன வண்டியோடதா அங்கிள்?”

“வண்டி எங்கயும் போவலம்மா. அதுபாட்டுக்கு ஊட்டு வாசல்ல நின்னுகினு இருந்துச்சு. தண்ணிதான் வந்துச்சு.”

“எவ்வளவு உயரம்?”

“அத்த யாரு அளந்தா? வண்டி தெரியல. அவ்ளோதான்.”

“எத்தனை நாள்?”

“நாலு நாள். அஞ்சாம் நாள் அதுவே போயிடுச்சு.”

“அப்ப, வெள்ளத்தில் மூழ்கியதுன்னு எழுதட்டுமா?”

விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எந்தத் தண்ணின்னு கேக்க வேணாமா நீ? தண்ணின்னா எல்லாம் ஒண்ணா? செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணி, அது ஃபஸ்ட் கிளாஸ். மெட்ராஸே குடிக்குது. அதுல நின்ன வண்டிய நான் முழுகுன கணக்குல சேக்க மாட்டேன், குளிச்ச கணக்கு. அடுத்தது ஃபிளாட்டுங்க கீழ பார்க்கிங்ல நிக்கிற மழைத் தண்ணி. செகண்டு. அப்பால அம்பத்தூர் எஸ்டேட்டு கம்பெனித் தண்ணி. அதுல ஆயில் கலந்துகினு இருக்கும், துரு புடிக்காது. அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான்.”

“இது எந்தத் தண்ணி?”

படிக்குக் கீழே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

“மதுரவாயல் வண்டி,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கூவம்,” என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “அத்த எழுதாத.”

எழுதவில்லை. நான் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஒரே உரிமையாளரிடம் இருந்தது. எப்போதும் வீட்டு வாசலிலேயே நிறுத்தப்பட்டது. அண்மையில் உள்ளும் புறமும் முழுமையாகக் கழுவப்பட்டது. சில வாரங்களாக ஓய்வில் உள்ளது.

ஒரு வரியிலும் பொய் இல்லை. பதினைந்து வருடம் இரண்டு மொழிகளில் படித்த படிப்பு முதன்முதலாக ஒரு காரியத்துக்கு உதவியது அன்றுதான். அர்த்தம் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “நானே வாங்கிடலாம் போல கீதே,” என்றார் அவர்.

கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வந்தபோது, ‘அமைதியான இடம்’ என்று சொல்லித்தான் பரந்தாமன் அங்கிள் வீட்டைக் காட்டினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் கீழே வண்டிகளைப் பிரிப்பார்கள்.

கீழ்த்தளத்தில் பாதி வீடு, பாதி ஷெட். இரண்டுக்கும் நடுவிலான எல்லை தினமும் மாறும். ரேடியேட்டர் சமையலறைக்கு வரும், தோசைக்கல் ஷெட்டுக்குப் போகும். பின்வாசலில் ஒரு கார் சீட் இருக்கிறது. அவர் மனைவி கன்னியம்மாள் ஆன்ட்டி அதில் சாய்ந்து உட்கார்ந்துதான் கீரை ஆய்வார்.

அவர்கள் குடும்பத்துக்கு அங்கே நெல் வயல் இருந்ததாம். வயல் மனையாகி, மனை தெருவாகி, கடைசியில் அவர் பங்குக்கு வந்தது இந்த வீடும் ஷெட்டும். வயலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. “சேத்துல எறங்கி நிக்கிறது ஒரு பொழப்பா,” என்று ஒருமுறை சொன்னார். சொல்லும்போது ஒரு கியர் பாக்ஸுக்குள்ளிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் லேத் ஓட்டினார். ஒரு நாள் காலையில் போனால் கேட் பூட்டியிருந்தது. கேட்டில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை வாசலிலேயே நின்றார்கள். ஆங்கிலத்தின் மீது அவருக்கு மரியாதை வந்தது அங்கேதான். “ஒரே பேப்பர். முந்நூறு பேர ஊட்டுக்கு அனுப்பிச்சு. தமிழ்ல எழுதியிருந்தா சண்ட வந்திருக்கும்,” என்பார்.

அதற்குப் பிறகு பழைய உதிரி பாகங்கள். இப்போது எல்லாம் போனில். மழையில் மூழ்கிய வண்டிகளை இன்சூரன்ஸ்காரர்கள் ஆன்லைனில் ஏலம் விடுகிறார்கள். அவர் எடுத்து, பிரித்து, துண்டு துண்டாக மறுபடி ஆன்லைனில் ஏலம் விடுகிறார். வாங்குவதும் பார்க்காமல், விற்பதும் பார்க்காமல். நடுவில் அவருடையது என்று இருப்பது மூக்கு ஒன்றுதான். ஆயில் ஊற்றும் வாயில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் எந்த ஏரி, எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார். ஏலத்தில் இதற்கு வழியில்லை என்பது அவருக்குப் பெரிய குறை. ஒருமுறை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, போனை மூக்கருகே கொண்டுபோனதை நான் பார்த்தேன்.

ஏலம் எடுக்கும் விதம் அந்த வீட்டுக்கே உரியது. லேத் பிடித்துக் காய்த்துப்போன அவர் விரலைப் போன் திரை விரலாகவே மதிப்பதில்லை. அதனால் பட்டனை அமுக்குவது ஆன்ட்டி. ஆனால் அங்கிள் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். “சோப்புன்னு பேசுனா சோப்பு விளம்பரம் வருது. வெலைய பேசுனா சும்மா வுடுமா? எதிர்ல கீறவனுக்குப் போட்டுக் குடுத்துடும்,” என்பது அவர் கட்சி. ஆகவே அவர் அப்பா மாட்டுச் சந்தையில் செய்ததைச் செய்தார். இருவர் கைக்கும் மேலே ஒரு துண்டு. துண்டுக்கடியில் முதலில் பிடிக்கும் விரல்கள் பத்தாயிரம், அடுத்துப் பிடிப்பவை ஆயிரம். ஆன்ட்டி இடது கையால் போனைப் பிடித்துக் கட்டைவிரலால் தட்டுவார். ஏலம் முடியும்வரை இரண்டு பேரும் பேச மாட்டார்கள். ஃபோட்டோ எடுக்க உட்கார்ந்தவர்களைப்போல நேரே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“கல்யாணத்தன்னிக்கு புடிச்ச கை. திரும்பப் புடிக்கறதுக்கு ஏலம் வர வேண்டியிருக்குது,” என்பார் ஆன்ட்டி என்னிடம்.

ஊரெல்லாம் மூழ்கிய வண்டியை விற்றுப் பிழைத்த அந்த மனிதரிடம் தண்ணீர் படாத வண்டி ஒன்று இருந்தது. அவருடைய சொந்த வேன். வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து, எலுமிச்சம்பழம் வைப்பார். வானிலை அறிக்கையில் ‘லேசானது முதல்’ என்று ஆரம்பித்ததுமே அதை எடுத்துக்கொண்டு பைபாஸ் மேம்பாலத்துக்குப் போய்விடுவார். போன புயலுக்கு இரண்டு பகல் வண்டிக்குள்ளேயே இருந்தார். கீழே வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, ஃபிரிட்ஜ் மிதந்தது. ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு ஏறிவந்து, எங்கள் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டார்.

“யோவ், வண்டி பத்திரமா கீதா?”

“பத்திரமா கீது.”

“அடுத்த தபா என்னையும் தள்ளிகினு போயி பாலத்துல நிறுத்து.”

அவருக்கு ஒரு கொள்கையும் இருந்தது. தண்ணியில் கிடந்த பாகத்தை மூன்று வண்டிக்குத் தரமாட்டார்: ஆம்புலன்ஸ், ஸ்கூல் வேன், சாமி ஊர்வல வண்டி. மற்றவர்கள் தங்கள் பொறுப்பில் போகலாம்.

நான் எழுதிக்கொடுத்த கூவத்து என்ஜினை நாமக்கல்லில் உத்தமன் என்பவர் ஏலத்தில் எடுத்தார். பத்து நாள் கழித்து அவர் அழைப்பு வந்தது. பரந்தாமன் அங்கிள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், தெருவுக்கே கேட்கும்.

“அண்ணா, என்ஜின் வந்துச்சுங்க. கழட்டிப் பாத்தா உள்ளார பூரா சேறுங்க.”

“இருக்கும்.”

“முழுசாக் கழுவுனதுன்னு போட்டிருந்தீங்களேங்ணா.”

“கழுவுனதுதான் தம்பி. எதால கழுவுனதுன்னு போட்டமா?”

அங்கிள் விடவில்லை.

“கீழ பொடி எழுத்துல இன்னா போட்டுகீது? இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில். அப்பால வந்து கேக்கக் கூடாதுன்னு அர்த்தம். படிச்சிட்டுதானே அமுக்குன?”

“படிக்கலீங்ணா.”

“இனிமே படி. ஒரு தபா படிச்சிக்கினா அடுத்த தபா எவனும் உன்ன ஏமாத்த முடியாது.”

“சரிங்ணா,” என்றார் உத்தமன், நிதானமாக. “கத்துக்கிட்டேனுங்க.”

போனை வைத்துவிட்டு, “நல்ல புள்ள. சொன்னா கேக்குது,” என்றார் அங்கிள்.

மே மாதத்தில் ஜெபா அக்கா வந்தார். கோவில்பதாகையில் இருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விடுபவர். வேன் அவருடையது, ஓட்டுவதும் அவரே. பரீட்சை முடிந்த கடைசி நாள் அந்த வேனின் என்ஜின் இறுகி நின்றுவிட்டது.

“இன்னா ஜெபா, வண்டியில்லாம நடந்து வர.”

“நக்கல் பண்ணாத அண்ணா. என்ஜின் போச்சு. பதினாலு புள்ளைங்க. ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு வண்டி கேட்டாண்ட நிக்கணும், இல்லன்னா ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்றாங்க. புது வேன் வச்சிகினு ஒருத்தன் எனக்கு முன்னாடியே ஆபீஸ் ரூம்ல உக்காந்துகினு கீறான். சார், மேடம்னு இங்கிலீசுலயே பேசுறான்.”

“எப்ப தொறக்குறாங்க?”

“ஜூன், ரெண்டாவது திங்க. உன் வண்டிக்கும் என் வண்டிக்கும் ஒரே என்ஜின்தானே, உனக்குத் தெரியாதா. ஒண்ணு பாத்துக் குடு. ஆனா ஷெட்டுல கெடக்கறத தலைல கட்டிடாத.”

“ஸ்கூல் வேனுக்கு நான் தண்ணி என்ஜின் குடுத்துகீறனா?”

“அதுக்காகத்தானே உன்னாண்ட வந்தேன்.”

அங்கிள் முகம் மாறிவிட்டது. இந்தத் தொழிலில் யாரும் அவரிடம் நம்பி வந்ததில்லை. வேறு வழியில்லாமல்தான் வந்தார்கள். “தண்ணியே காணாத என்ஜின் உனக்கு,” என்றார். “திங்கக்கெழம நீ ஓட்டுற.”

மூன்று வாரம் தேடினார். இந்த ஊர்ப் பக்கம் கிடைத்ததெல்லாம் ஏதோ ஒரு ஏரியைப் பார்த்த என்ஜின். பள்ளி திறக்க ஒன்பது நாள் இருக்கும்போது போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். “இத்த படி. பாத்தா நல்லா கீது.”

வெள்ளி நிறத்தில் பளபளக்கும் என்ஜின். விற்பவர் பெயர் என்று ஏதோ ஒரு டிரேடர்ஸ். நான் படித்துச் சொன்னேன். ஒரே உரிமையாளரிடம் இருந்தது. எப்போதும் வீட்டு வாசலிலேயே நிறுத்தப்பட்டது. முழுமையாகக் கழுவப்பட்டது. ஓய்வில் உள்ளது.

“நம்ம ஸ்டைல்ல எழுதிகீறான். தொழில் தெரிஞ்சவன்,” என்றார் பெருமையாக.

அதில் வியப்படைய ஒன்றுமில்லை. பிப்ரவரியிலிருந்து அதே நாலு வரிகளை நான் அவருடைய முப்பது நாற்பது பொருள்களுக்குப் போட்டுவிட்டேன். பல ஊர்க்காரர்கள் அதை அப்படியே நகலெடுத்துப் போடத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் எனக்கு உறுத்தியது. இதில் ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது: ‘இந்த என்ஜின் தண்ணீரையே கண்டதில்லை.’

“அங்கிள், நம்மளது மாதிரியே இருக்கே,” என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சொல்லியிருக்க வேண்டும்.

“நாலு வரி நம்மளுதுதான். அஞ்சாவது வரிய நாம என்னிக்காவது போட்டுகீறமா?”

“இல்ல.”

“நமக்கே கை வரல பாரு. அவ்ளோ பெரிய பொய்ய எவனும் எழுத மாட்டாம்மா. எழுதிகீறான்னா அது நெசம்.”

அன்று மாலை ஏலம். கார் சீட்டில் ஆன்ட்டி, பக்கத்தில் ஸ்டூலில் அவர், நடுவில் துண்டு. யாரோ எதிரில் ஏற்றிக்கொண்டே போனார்கள். துண்டு அசைந்தது. ஆன்ட்டி தட்டினார். மறுபடி அசைந்தது. ஆன்ட்டி தட்டவில்லை, அவரைத் திரும்பிப் பார்த்தார். ஏலத்தின்போது அவர் திரும்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. துண்டு இன்னும் வேகமாக அசைந்தது. கடைசியில் என்ஜின் கிடைத்தது, புது என்ஜினுக்குச் சற்றே குறைந்த விலையில்.

லாரியில் வந்து இறங்கியது வியாழக்கிழமை. ஜெபா அக்காவுக்கு நாலு நாள் இருந்தது. சாக்கைப் பிரித்ததும் ஆன்ட்டி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: “இன்னாயா, பழகுன நாத்தமா கீது?”

அங்கிள் குனிந்தார். ஆயில் வாயைத் திறந்து மூக்கை வைத்தார். வைத்தது வைத்தபடியே இருந்தார். பிறகு என்ஜினைச் சாய்த்து, அடியில் வெள்ளிப் பெயின்ட்டைச் சுரண்டினார். தன் கை வழியே போகும் ஒவ்வொரு பொருளிலும், வேறு பொருளை மாற்றித் திருப்பியனுப்பி யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று, உளியால் ஒரு சின்ன ‘ப’ வெட்டுவது அவர் வழக்கம். பெயின்ட்டுக்கு அடியில் அந்த ‘ப’ இருந்தது.

ஸ்பீக்கரைப் போட்டார். நாமக்கல் எடுத்தது.

“அடடே, அண்ணா, நீங்களாங்க? அண்ணி பேருல ஏலம் எடுத்ததால தெரியலீங்க.”

“கூவம்டா இது. தண்ணியே கண்டதில்லன்னு போட்டுகீற.”

“கழட்டி, தொடச்சு, பெயின்ட் அடிச்சு வச்சதுல இருந்து கண்டதில்லீங்ணா. எப்ப இருந்துன்னு போட்டனாங்க?”

அங்கிள் மறுபடி அந்த ‘ப’வைத் தடவிப் பார்த்தார்.

“கீழ பொடி எழுத்து படிச்சீங்களாங்ணா? இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில். நீங்கதானுங்க படிக்கச் சொன்னீங்க.” உத்தமன் குரலில் கேலி துளியும் இல்லை. “உங்க இங்கிலீசு ரொம்ப நல்லாருந்துச்சுங்ணா. அத ஒரு எழுத்து மாத்தலீங்க.”

அங்கிள் போனைக் கீழே வைத்துவிட்டு என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படியிலேயே நின்றேன்.

“சாதாரண வண்டின்னா போட்டு அனுப்பிடுவ. ஜெபாவுக்கு இன்னா பண்ணப் போற?” என்றார் ஆன்ட்டி.

“தெரியல.”

“தண்ணி காணாத என்ஜினு மெட்ராஸ்ல ஒண்ணே ஒண்ணுதான் கீது. அதுக்குத்தான் வாரா வாரம் எலுமிச்சம்பழம் வக்கிற.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆன்ட்டி உள்ளே போய்விட்டார். ஏலத்துக்கு அல்லாமல் அன்று அங்கிள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேனை வழக்கம்போல் துடைத்தார், எலுமிச்சம்பழம் வைத்தார், பிறகு சங்கிலி போட்டு அதன் என்ஜினைத் தூக்கினார். தெருமுனை மெக்கானிக்கும் அவருமாக அதை ஜெபா அக்காவின் வேனில் பொருத்தி முடிக்க ஞாயிறு சாயங்காலம் ஆனது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. ஜெபா அக்கா காது கொடுத்துக் கேட்டார்.

“பூனைக்குட்டியாட்டம் கீதே அண்ணா. எங்க புடிச்ச?”

“ஆன்லைன்லதான்.”

“தண்ணி கிண்ணி?”

“மழைல கூட நனஞ்சதில்ல.”

அவர் வாயிலிருந்து வந்த விற்பனைப் பேச்சில் நான் கேட்ட முழு உண்மை அது ஒன்றுதான். ஆன்ட்டி கீரை ஆய்ந்துகொண்டே, “நம்பு ஜெபா, இவரே பக்கத்துல உக்காந்து பாத்த மாதிரி சொல்றாரு பாரு,” என்றார். திங்கட்கிழமை பதினாலு பிள்ளைகளும் நேரத்துக்குப் போனார்கள். புது வேன்காரர் வேறு பள்ளிக்கூடத்தில் மேடத்தைப் பார்க்கப் போனார்.

கூவத்து என்ஜின் அங்கிளின் வேனுக்குள் போனது. அது காலையில் இருமும், மத்தியானம் புகையும், சாயங்காலம் தள்ளச் சொல்லும். தெருவே தள்ளியது. “மாமே, இனிமே பாலத்துல நிறுத்தத் தேவல. தண்ணிய பாத்தா அதுவே நீந்தும்,” என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டேதான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் நின்றுவிட்டது.

ஜூலையில் ஒரு மாலை, போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபடி மாடிப்படியில் வந்து நின்றார்.

“அந்த என்ஜின ஏலத்துல வுட்டுடறேம்மா. இங்கிலீசு வேணாம், தமிழ்ல எழுது. அந்த இங்கிலீசு சுத்தி சுத்தி திரும்ப இங்கயே வருது. நெசத்தயே எழுதிடு. முழுகுனதுன்னு போடு.”

“சரி அங்கிள்.”

“நாலு நாள்னு போடு.”

“சரி.”

“இன்னமும் இருமுதுன்னு போடு.”

எல்லாவற்றையும் எழுதினேன். படித்துக் காட்டினேன். திருப்தியாகத் தலையசைத்தார். இரண்டு படி இறங்கியவர் நின்றார். கீழே எட்டிப் பார்த்தார். ஆன்ட்டி அங்கே இல்லை. திரும்ப ஏறி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“எல்லாம் அப்படியே இருக்கட்டும்மா. செம்பரம்பாக்கம் தண்ணின்னு மட்டும் போட்டுடேன்.”